தப்புச் சத்தத்தில் ஒரு பந்தாட்டம்

நேற்றுப் பின்னேரம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் முற்றத்தில், மாசியில் காமன் கூத்து ஆடும் அதே இடத்தில், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பொம்பிளைப் பிள்ளைகள் போட்ட நாடகம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கதை இங்கிலாந்தில் நடக்கிறது. முதலாம் உலகப் போரின்போது, 1917-இல், பிரஸ்டன் நகரில் வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள், டிக் கெர் என்ற அந்தக் கம்பனியின் பெயரிலேயே ஒரு கால்பந்து அணி தொடங்கினார்கள், காயம்பட்ட சிப்பாய்களுக்குக் காசு சேர்க்கத்தான் முதலில் ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலில் குடிசன் பார்க் மைதானத்துக்கு வந்த கூட்டம் 53,000!

அந்தக் காட்சியில் தப்பு மேளம் அதிர அதிர, நாங்கள் எல்லோரும் எழுந்து கத்தினோம். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கைச் சுருட்டிக் கயிறு கட்டிய பந்து. அந்த அணியில் ஆடிய லில்லி பாராக நடித்த பிள்ளை இடது காலால் ஓங்கி அடிக்க, அது முன்னால் இருந்த பாட்டியின் மடியில் விழுந்தது. பாட்டி அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

அப்புறம் 1921 டிசம்பர் 5. பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லை என்று சொல்லி ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் தன் கழக மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. தடை நீங்கக் கிட்டத்தட்ட ஐம்பது வருசம் ஆனது. தப்பு சட்டென்று நின்றது. பக்கத்தில் அம்மா, பதினாலு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனவர், அசையாமல் இருந்தார்.

வீட்டுக்கு ஏறும்போதுதான் கேட்டார்: "ஏம்மா, அந்த லில்லிப் பிள்ளை பிறகு என்ன செஞ்சிச்சு?"

நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினாங்க என்றேன்.