சுண்டுவிரலுக்குச் சற்று ஓய்வு

கணினியில் சுடும் விளையாட்டுகளை ஆடுவோர் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதற்காக இடக்கையை டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளின் மேல் வைப்பது இன்று இயல்பாகிவிட்டாலும், 1993-இல் வெளிவந்த ‘டூம்’ அம்புக்குறி விசைகளைக் கொண்டே ஆடும்படி அமைக்கப்பட்டிருந்தது. 1997-இல் ‘குவேக்’ போட்டியில் வென்று ஃபெராரி காரைப் பரிசாகப் பெற்ற டென்னிஸ் ஃபாங் கையாண்ட முறை என்ற புகழும் சேர்ந்துதான் அந்த நான்கு விசைகளைப் பரவலாக்கியது.

நானோ சில மாதங்களாக இ, எஸ், டி, எஃப் விசைகளுக்கு மாறியிருக்கிறேன். எஃப் விசையின் மேலுள்ள சிறு மேடு ஆள்காட்டி விரலுக்குத் தட்டுப்படுவதால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கையை உரிய இடத்தில் வைக்க முடிகிறது. சுண்டுவிரலுக்கு அருகில் கியூ, ஏ, இசட் என மூன்று விசைகளும் கூடுதலாகக் கிடைக்கின்றன. குனிந்து நடப்பதற்காகக் கன்ட்ரோல் விசையை நெடுநேரம் அழுத்திப் பிடித்ததால்தான் என் சுண்டுவிரல் வலித்தது என்பதைத் தாமதமாகவே உணர்ந்து, அந்த வேலையை மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு மாற்றினேன். ஒவ்வொரு புதிய விளையாட்டிலும் இவற்றையெல்லாம் மீண்டும் அமைக்க வேண்டியிருப்பது எரிச்சல்தான்.

மவுஸை நகர்த்தும்போது திரையில் குறி எவ்வளவு வேகமாக நகரும் என்பதைத் தீர்மானிக்கும் டிபிஐ அளவை 1600-இலிருந்து 800-ஆகக் குறைத்தபின் குறி தவறுவது குறைந்தது. ஆனால் மணிக்கட்டுக்குப் பதிலாக முழங்கையையே நகர்த்த வேண்டியிருப்பதால், மேசையிலிருந்த காபிக் கோப்பைக்கு வேறிடம் பார்க்க வேண்டியதாயிற்று.