ஏப்ரலில் ஒரு கதவு, அக்டோபரில் அதே கதவு

அமெரிக்காவில் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் உட்கட்சிப் போட்டி முடிந்த மறுநாளே ஒரு குரல் கிளம்பும்: "சண்டை முடிந்தது, எல்லாரும் ஒன்று சேருங்கள்." தோற்ற பக்கத்தில் நின்று அதைக் கேட்டவர்களுக்குத்தான் அது எவ்வளவு எரிச்சலூட்டும் என்று தெரியும். 2008-ல் நான் ஹிலாரி கிளிண்டனுக்காகத் தெருத்தெருவாக நடந்தவள். அதே ஆண்டு, உட்கட்சிப் போட்டியில் அவரை வென்ற ஒபாமாவுக்காகவும் கதவு தட்டினேன். நடுவில் எனக்கு மூன்று மாதம் தேவைப்பட்டது. அந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று இப்போது எழுதி வைக்கிறேன். கட்சிக்குள் அடித்துக்கொண்டு மனம் கசந்து நிற்கும் யாருக்காவது பயன்படலாம்.

நாங்கள் இருந்தது பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்ஃபியாவுக்கு வடக்கே பக்ஸ் கவுண்டியில். எனக்கு ஒரு மருத்துவமனையில் பில்லிங் வேலை. 2007-ல் குடியுரிமை வந்தது. இந்த நாட்டில் என் முதல் ஓட்டே 2008 ஏப்ரல் 22 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில்தான், அதாவது கட்சியின் வேட்பாளர் யார் என்று மக்களே ஓட்டுப் போடும் தேர்தலில்தான்.

ஏன் ஹிலாரி என்று கேட்டால் என் மேஜைதான் பதில். இன்சூரன்ஸ் இல்லாதவர்களின் பில் எல்லாம் கடைசியில் என்னிடம் வரும். கூரை வேலை செய்யும் ஒருவர் மணிக்கட்டு எலும்பு முறிந்து வந்தார். பாக்கி 4,300 டாலருக்குக் கொஞ்சம் மேல். மாதாமாதம் இருபது டாலர் நோட்டு ஒன்றைக் கவரில் போட்டு, தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து கொடுப்பார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், கடன் தீர பதினெட்டு வருஷம் ஆகும். ஹிலாரியின் திட்டத்தில் எல்லாருக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம். ஒபாமாவின் திட்டத்தில் பிள்ளைகளுக்கு மட்டும்தான் கட்டாயம். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன வித்தியாசம். எனக்கு அந்தக் கவர் ஞாபகம் வரும்.

இன்னொரு காரணமும் இருந்தது, கொஞ்சம் மனதைக் கீறிய காரணம். 2007 ஜூனில் ஒபாமாவின் பிரச்சாரக் குழு பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு கொடுத்தது. இந்தியர்களோடு ஹிலாரிக்கு இருந்த தொடர்பைக் குத்திக்காட்டி, அவரை 'பஞ்சாப் தொகுதி ஜனநாயகக் கட்சிக்காரர்' என்று அதில் கிண்டலாகக் குறிப்பிட்டிருந்தார்கள். ஒபாமா அது முட்டாள்தனமான தவறு என்று வருத்தம் தெரிவித்தார். ஆனாலும் எங்களைப் போன்றவர்களோடு பழகுவதே ஒருவருக்கு இழுக்கு என்கிற மாதிரி அந்தக் காகிதம் பேசியது. அது எனக்குச் சீக்கிரம் ஆறவில்லை.

மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் 22 வரை வேறு எந்த மாநிலத்திலும் தேர்தல் இல்லை. ஆறு வாரமும் மொத்த நாட்டின் கண்ணும் பென்சில்வேனியா மேல்தான். எனக்குக் கொடுத்த இடம் லெவிட்டவுன். 1950-களில் வரிசை வரிசையாக ஒரே மாதிரி பதினேழாயிரத்துக்கும் மேல் வீடுகள் கட்டி எழுப்பிய ஊர். ஒரு பகுதிக்குள் இருக்கிற தெருப் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும். எஸ் பகுதியில் நுழைந்தால் எல்லாமே எஸ். முதல் நாள் வழி தவறி ஒரே தெருவை மூன்று முறை சுற்றினேன்.

கையில் ஒரு கிளிப்போர்டு. அதில் பெயர், வயது, விலாசம், பக்கத்தில் 1 முதல் 5 வரை எண்கள். நம் ஆள் என்றால் 1, எதிர்ப்பக்கம் உறுதி என்றால் 5, முடிவு செய்யவில்லை என்றால் 3. கதவு திறந்தவர் பேசியதை வைத்து வட்டம் போட வேண்டும்.

அப்போதுதான் ஒபாமா சான் பிரான்சிஸ்கோவில் பேசிய பேச்சு வெளியே வந்தது. வேலை போன சிறு நகரத்து மக்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். எங்களுக்கு அது கையில் கிடைத்த கத்தி மாதிரி. ஃபேர்லெஸ் எஃகு ஆலையில் முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் கதவைத் திறந்தார். மனைவி பின்னால் துண்டு மடித்துக்கொண்டு நின்றார். "உங்களைப் போன்றவர்களை அவர் எப்படிப் பார்க்கிறார், கேட்டீர்களா?" என்றேன். அவர் முகம் இறுகியது. அவருக்கும் மனைவிக்கும் 1 என்று வட்டம் போட்டுவிட்டுச் சந்தோஷமாக அடுத்த வீட்டுக்குப் போனேன். இந்த வாசலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

ஏப்ரல் 22-ல் மாநிலத்தில் ஒன்பது சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். பக்ஸ் கவுண்டியில் அதைவிடப் பெரிய வெற்றி. ஆனால் டெலிகேட் கணக்கு, அதாவது மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் எண்ணிக்கை, எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மே 31 அன்று கட்சியின் விதிமுறைக் குழு வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் கூடியது. விதியை மீறி முன்கூட்டியே தேர்தல் நடத்திய ஃபுளோரிடா, மிச்சிகன் டெலிகேட்டுகளுக்குத் தலைக்கு அரை ஓட்டு என்று முடிவு செய்தார்கள். அரங்கில் எங்கள் ஆட்கள் கத்தினார்கள். டிவி முன்னால் நானும் கத்தினேன். மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமா பெயரே இல்லை என்பதை அன்று யார் சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது.

ஜூன் 3-ல் எல்லாம் முடிந்தது. ஜூன் 7 சனிக்கிழமை ஹிலாரி விலகல் உரை நிகழ்த்தினார். அந்த உயரமான, கடினமான கண்ணாடிக் கூரையை இந்த முறை உடைக்க முடியவில்லை, ஆனால் அதில் 1 கோடியே 80 லட்சம் விரிசல்கள் விழுந்திருக்கின்றன என்றார். ஒரு விரிசல் என்னுடையது. அழுதேன். ஒபாமாவுக்கு முழு ஆதரவு தாருங்கள் என்று அவர் சொன்ன பகுதி வந்தபோது எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்தக் கோடை முழுவதும் மின்னஞ்சல்கள். கட்சி ஒற்றுமையாவது மண்ணாங்கட்டியாவது என்கிற அர்த்தத்தில் 'பூமா' என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் வேட்பாளர் மெக்கெய்னுக்கே போடுவோம் என்றார்கள். ஃபோனில் ஓட்டுக் கேட்கும் ஃபோன் பேங்கில் என்னோடு உட்கார்ந்த என் குஜராத்தித் தோழியும் அதில் சேர்ந்தாள். நான் சேரவில்லை, ஆனால் அவளைத் தடுக்கவும் இல்லை. நியூ ஹாம்ஷயரில் யூனிட்டி என்றே பெயர் கொண்ட ஒரு சிறிய ஊரில், இரண்டு பேருக்கும் சரியாக 107 ஓட்டு விழுந்த ஊரில், ஜூன் 27-ல் ஹிலாரியும் ஒபாமாவும் ஒரே மேடையில் நின்றார்கள். ஹிலாரியின் பிரச்சாரக் கடனை அடைக்க ஒபாமாவும் மிஷேலும் சட்டம் அனுமதிக்கும் உச்சத்தொகையான 2,300 டாலருக்கு ஆளுக்கொரு செக் எழுதினார்கள். நல்ல காரியங்கள்தான். எனக்கு எதுவும் ஒட்டவில்லை.

முதல் அசைவு திருச்சியிலிருந்து வந்தது. அப்பா எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நான் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாப்பா, 89-ல சேவலும் இரட்டைப் புறாவும் சண்டை போட்டுச்சு. நான் சேவலுக்குப் போட்டேன், உங்க சித்தப்பா புறாவுக்குப் போட்டார். ஆட்சி யாருக்குப் போச்சு? அடுத்த மாசமே ரெண்டும் ஒண்ணாச்சு, இலையும் திரும்பி வந்துச்சு. தேர்தல்தான் கையைவிட்டுப் போயிருச்சு." எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று உடைந்து நின்ற அந்தத் தேர்தலில் சித்தப்பா எங்கள் வீட்டுப் படியே ஏறவில்லை. அது எனக்கும் ஞாபகம் இருந்தது. பதில் சொல்லாமல் ஃபோனை வைத்தேன்.

ஆகஸ்டில் டென்வரில் வேட்பாளரை முறைப்படி அறிவிக்கும் கட்சி மாநாடு. 26-ம் தேதி ஆரஞ்சு நிற உடையில் ஹிலாரி பேசினார். தத்தெடுத்த இரண்டு ஆட்டிசம் குழந்தைகளோடு, இன்சூரன்ஸும் இல்லாமல், தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்துகொண்ட ஒரு தாயைப் பற்றிச் சொன்னார். மொட்டைத் தலையில் ஹிலாரி பெயரை எழுதிக்கொண்டு வந்து வரவேற்றாராம் அந்தத் தாய். அப்புறம் எங்களைப் பார்த்துக் கேட்டார்: இந்தப் பிரச்சாரத்தில் நீங்கள் எனக்காக மட்டுமா இருந்தீர்கள்? கூரை வேலைக்காரரின் கவர் கண்முன் வந்தது. ஜூன் மாதத்தில் காதில் ஏறாதது அன்று ஏறியது.

ஆனால் என் கோபம் உண்மையில் இறங்கியது மறுநாள்தான். மாநாட்டில் ஹிலாரி பெயரை முன்மொழிந்து, டெலிகேட் ஓட்டுகளை மாநிலவாரியாக எண்ணவே கூடாது, கட்சி பிளவுபட்டதாகத் தெரியும் என்று பலர் சொல்லிவந்தார்கள். எண்ணத்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எண்ணினார்கள். ஒவ்வொரு மாநிலமாக எழுந்து ஹிலாரிக்கு இத்தனை, ஒபாமாவுக்கு இத்தனை என்று உரக்கச் சொன்னார்கள். நியூ மெக்சிகோ தன் முறையை இலினாய்ஸுக்கு விட்டுக்கொடுக்க, இலினாய்ஸ் நியூயார்க்குக்கு விட்டுக்கொடுக்க, நியூயார்க் வரிசையில் நின்ற ஹிலாரியே மைக்கை வாங்கி, எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒபாமாவை ஏகமனதாக வேட்பாளராக அறிவிக்கும்படி முன்மொழிந்தார். வேலை முடிந்து வந்து சோறு வைத்த தட்டோடு நின்றபடியே பார்த்தேன். எங்கள் ஓட்டை இல்லாததாக்கிவிட்டுச் சேரச் சொல்லவில்லை, சபையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் சேரச் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. தோற்றவர்களின் எண்ணிக்கையை மறைத்து ஒற்றுமையைக் காட்ட நினைப்பவர்கள் பெரிய தப்புச் செய்கிறார்கள் என்று இன்றும் சொல்வேன்.

இரண்டே நாளில் மெக்கெய்ன் தன் துணை அதிபர் வேட்பாளராக சாரா பேலினை அறிவித்தார். முதல் மேடையிலேயே அவர் எங்கள் விரிசல்களை எடுத்துப் பேசினார். சரி, இனி வீட்டில் உட்கார முடியாது என்று தோன்றியது.

செப்டம்பர் 6, சனிக்கிழமை. ஒரு பீட்சா கடைக்குப் பக்கத்தில் ஒபாமா அலுவலகம். உள்ளே போனதும், "நான் ஹிலாரி ஆள்" என்றுதான் ஆரம்பித்தேன். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டிருந்தால் திரும்பியிருப்பேன். அங்கே பொறுப்பாக இருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "ஏப்ரலில் எந்தத் தெருக்களில் நடந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டான். சொன்னேன். "அங்கே எங்களுக்கு அடி. ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. என்ன சொன்னார்கள் அங்கே?" என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டான். பிறகு அதே தெருக்களின் லிஸ்டை என் கையில் கொடுத்தான்.

கூட நடக்க ஒரு கறுப்பினப் பெண்மணியை அனுப்பினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டிரென்டனில் வளர்ந்தவர், வயது எழுபதை நெருங்கியிருக்கும். டி எழுத்துத் தெருக்கள் உள்ள பகுதிக்குள் கார் திரும்பியதும் பேச்சை நிறுத்திவிட்டார். 1957 ஆகஸ்டில் லெவிட்டவுனின் முதல் கறுப்பினக் குடும்பமாக வில்லியமும் டெய்சி மையர்ஸும் டீப்கிரீன் லேன் வீட்டுக்குக் குடிவந்தபோது, நாள்கணக்கில் கூட்டம் கூடிக் கல்லெறிந்த இடம் அது. அப்போது இவர் பள்ளி மாணவி. பாலத்தைத் தாண்டி அந்த ஊருக்குள் போகவே கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்களாம். இறங்கும் முன் கண்ணாடியில் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார், கிளிப்போர்டை மார்போடு அணைத்துக்கொண்டார், முதல் கதவை அவரே தட்டினார். 'பஞ்சாப்' குறிப்பை ஓராண்டுக்கு மேல் மனதில் சுமந்துகொண்டிருந்தவள் நான். அன்று அதைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் நின்று, முழுவதையும் கேட்டு, "அது தப்புதான்" என்றார். யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை.

அக்டோபரில் எஃகு ஆலைக்காரரின் வாசலுக்கு வந்தேன். பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார்.

"அந்த ஆள் எங்களை மட்டமாக நினைக்கிறார் என்று ஏப்ரலில் சொன்னது நீங்கள்தானே?"

என் வாயிலிருந்து வந்ததுதான். மழுப்ப முடியாது. "ஆமாம், நான்தான் சொன்னேன். அவர் அப்படிப் பேசியது தப்பு என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் நான் அன்று இன்சூரன்ஸ் பற்றிப் பேசியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு உங்கள் கோபத்தைக் கிளறினேன்" என்றேன்.

அவர் கதவைச் சாத்தவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய். மனைவி பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்வதால்தான் இருவருக்கும் இன்சூரன்ஸ். மெக்கெய்ன் திட்டப்படி, வேலை தரும் இடம் கட்டும் இன்சூரன்ஸுக்கு வரி, அதற்குப் பதில் குடும்பத்துக்கு 5,000 டாலர் வரிச்சலுகை. நிறுவனங்கள் மெல்லக் கைகழுவிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் எங்கள் பயம். ஒரு குடும்பப் பாலிசி அப்போதே ஆண்டுக்கு 12,000 டாலருக்கு மேல். துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தில் அவரே பென்சிலால் 12-லிருந்து 5-ஐக் கழித்தார். "சர்க்கரை உள்ளவருக்குத் தனியாகப் பாலிசி கொடுக்க யார் வருவார்கள்? தினமும் அந்தப் பில்களைப் பார்க்கிறேன்" என்றேன். அவர் அந்த 7-ஐ மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவருக்கு 3 போட்டேன். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கு 2.

எல்லாக் கதவும் அப்படி இல்லை. நிறத்தைச் சொல்லித் திட்டியவர்கள் உண்டு. என் குஜராத்தித் தோழி அந்த முறை ஓட்டே போடவில்லை. இன்றும் தோழிதான், அந்தப் பேச்சை மட்டும் நாங்கள் எடுப்பதில்லை. ஹிலாரி கேட்ட அந்தக் கட்டாய இன்சூரன்ஸ், 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் இருந்தது. அதைப் படித்த அன்று தோழிக்குத்தான் முதலில் ஃபோன் செய்தேன்.

நவம்பர் 4 அன்று கடைசி லிஸ்ட். அன்றைக்கு 1, 2 போட்டவர்களின் பெயர் மட்டும்தான் வரும். எஃகு ஆலைக்காரர் பெயர் இல்லை, மனைவியின் பெயர் இருந்தது. மதியம் போய்த் தட்டினேன். மனைவியே வந்தார், அதே துண்டு தோளில். "காலையிலேயே போட்டாச்சு. இரண்டு பேரும் சேர்ந்துதான் போனோம்" என்றார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, கணவரின் கால்கள் மட்டும் தெரிந்தன. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஒரு பெயரை அடித்தேன். அந்தத் தெருவில் இன்னும் பதினான்கு பெயர்கள் இருந்தன.