குங்குமம் பூசிய கிளவுஸ்

போன மாதம் எங்கள் வார்டுக்குப் புதிதாக ஒரு நர்ஸ் பாப்பா வந்தாள், நல்ல சுறுசுறுப்பு. காலை ஏழரைக்கு டியூட்டி எடுத்ததும் ஒரு ஜோடி கிளவுஸை மாட்டினாள், பத்து மணிக்கு நான் பார்க்கும்போதும் அதே ஜோடிதான் கையில் இருந்தது. அதற்குள் இரண்டு பேருக்கு சுகர் பார்த்திருக்கிறாள், ஒரு பெரியவருக்கு யூரின் பையைக் காலி செய்திருக்கிறாள், கேஸ் ஷீட் எழுதியிருக்கிறாள், டெலிபோன் எடுத்துப் பேசியிருக்கிறாள், மருந்து அலமாரியைத் திறந்து மூடியிருக்கிறாள். "என்ன பாப்பா, இன்னும் கழட்டலையா?" என்றேன். "இல்லக்கா, சேஃப்டிக்குத்தான் போட்டிருக்கேன்" என்றாள்.

அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. முதல் வருஷத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யாருடைய சேஃப்டி என்று கேட்டால் அந்தப் பதில் நிற்காது. அவள் கை சுத்தமாக இருந்தது, அவள் தொட்ட எதுவும் சுத்தமாக இல்லை.

கிளவுஸ் கிருமியைக் கொல்லாது. நம் தோலுக்கு மேல் இன்னொரு தோல், அவ்வளவுதான். அதில் ஈரம் பட்டாலும் பிசுபிசுப்பு ஒட்டினாலும் உள்ளே இருக்கும் கைக்கு உறைப்பதில்லை. வெறும் கையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் குழாயடிக்கு ஓடுகிற நாம், கிளவுஸ் கையோடு மூன்று மணி நேரம் வார்டு முழுக்க அங்கிட்டும் இங்கிட்டும் சுற்றுகிறோம். பிபி பார்க்க, நாடி பிடிக்க, ஜுரம் பார்க்க, ஏன், தசையில் ஊசி போடக்கூட சாதாரணமாகக் கிளவுஸ் தேவையில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ரத்தம், சளி, சிறுநீர், மலம், புண் இதெல்லாம் கையில் படக்கூடிய வேலைக்குத்தான் வேண்டும், அந்த வேலை முடிந்ததும் அது கையை விட்டுப் போய்விட வேண்டும். போன பிறகு கையையும் சுத்தம் செய்ய வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எந்தக் கிளவுஸிலும் இருக்கலாம், கழற்றும்போதே விரலில் ஒட்டியிருக்கவும் கூடும். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. பரபரப்பான வார்டில் அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு, நர்சிங் படிக்கும்போது எங்கள் டியூட்டர் மேடம் எங்களுக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன். மேடம் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்து, கிளவுஸ் போட்ட எங்கள் உள்ளங்கையிலும் விரல்களிலும் பூசிவிட்டு, "இப்போ கழட்டுங்க" என்றார். முப்பது பேர் இருந்தோம், கை சுத்தமாக வந்தவர்கள் மூன்று நாலு பேர்தான். எனக்கு மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு, வெள்ளை யூனிஃபார்மில் இரண்டு பொட்டு. வீட்டில் துவைத்த பிறகும் அந்தப் பொட்டு லேசாக இருந்தது. அது குங்குமம் என்பதால் கண்ணில் பட்டது, வார்டில் ஒட்டுகிற எதுவும் அப்படிச் சிவப்பாக வருவதில்லையே.

பாப்பாவுக்கும் மணிக்கட்டில்தான் கோடு விழுந்தது. கழற்றும் முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு கிளவுஸின் வெளிப்பக்கத்தை மணிக்கட்டுக்குக் கீழே மற்றக் கிளவுஸ் கையால் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி உரித்து, அதை அந்தக் கைக்குள்ளேயே சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வெறும் விரலை இரண்டாவது கிளவுஸின் உள்ளே, தோலை ஒட்டி நுழைத்து, அதையும் உரித்து முதலாவதை அதற்குள் மூட்டை கட்டிவிட வேண்டும். அழுக்கு அழுக்கைத் தொடலாம், தோல் தோலைத் தொடலாம், அழுக்கும் தோலும் சந்திக்கக் கூடாது. நாலாவது தடவை அவள் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. இன்னொன்றும் சொன்னேன். கை வெடிக்கிறது என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அதற்கு மேல் லேடெக்ஸ் கிளவுஸ் போடுகிறார்கள், எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலம் இழந்துவிடும். எண்ணெயை டியூட்டி முடிந்து போய்த் தடவிக்கொள்ளலாம்.

கழற்றுவதுதான் ஆபத்தான நேரம் என்பது எனக்கு உடம்பில் ஏறியது 2020-ல். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் எங்கள் ஊர் மதுரையில்தான் நடந்தது, மார்ச் 25, ராஜாஜி அரசு மருத்துவமனையில். அதற்குப் பிறகு ஊரே வேறு மாதிரி ஆனது. மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் யாரும் இல்லாமல் நடந்தது. நாங்கள் ஹாஸ்டல் அறையில் ஒருத்தியின் போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்து, தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, அப்படியே டியூட்டிக்குப் போனோம். அன்றுதான் அக்னி நட்சத்திரமும் ஆரம்பம். வார்டில் ஏசியை நிறுத்தி வைத்திருந்தார்கள். பிபிஇ கிட்டுக்குள் ஆறு மணி நேரம், தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது, கண்ணாடிக்குள் ஆவி படிந்து, டிரிப் ஏற்றக் கேனுலா போடுகிற நரம்பே தெரியாது. வேர்வை ஷூவுக்குள் இறங்கித் தேங்கும்.

போடும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருந்தோம், பயம் அப்படி. ஆறு மணி நேரம் கழித்து, நாக்கு வறண்டு, தலை சுற்றிக்கொண்டு வரும்போது இதையெல்லாம் பிய்த்து எறிந்தால் போதும் என்று இருக்கும். உடம்பு முழுக்க அழுக்கு இருப்பதும் அப்போதுதான். அதனால் எங்களில் ஒருவர் எப்போதும் கழற்றும் அறையில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று வைத்திருந்தோம். ஒருநாள் மூக்கு நுனியில் வேர்வை இறங்கி அரித்தது, என் கை எனக்கே தெரியாமல் மாஸ்க்குக்குப் போனது. வாசலில் நின்ற ஜூனியர் தம்பி கத்தினான்: "அக்கா, கை!" அவ்வளவுதான் சொன்னான். முகத்துக்கும் விரலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் இருந்திருக்கும். கையைக் கீழே இறக்கிவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த வரிசையை முதல் வரியிலிருந்து படித்தேன். முதலில் கிளவுஸ், கை சுத்தம். அப்புறம் கவுன், கழுத்துப் பக்கமிருந்து உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டிக் கீழே இறக்கி, மறுபடி கை சுத்தம். கண்ணாடியைப் பின்பக்க வாரைப் பிடித்து. கடைசியில், அறையை விட்டு வெளியே வந்த பிறகு என்95 மாஸ்க், முன்பக்கத்தைத் தொடாமல் கீழ் வாரை முதலில், மேல் வாரை அப்புறம். திரும்பவும் கை. அந்தத் தம்பி இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறான், ஆனால் மூக்கு அரிக்கும்போதெல்லாம் அவன் குரல் எனக்குக் கேட்கிறது.

என்95 பற்றி ஒரு விஷயம். முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அது என்95, இடைவெளி இருந்தால் காற்று சுலபமான வழியில் போய்விடும். போட்டதும் இரண்டு கையாலும் மூடி ஊதிப் பார்த்து, கண்ணோரம் காற்று வந்தால் மூக்குக் கம்பியை மறுபடி அழுத்த வேண்டும். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடும் எங்கள் ஆண் நர்ஸ்கள் தாடி வளர்ப்பார்கள். தாடி மேல் என்95 ஒட்டாது. விரதத்தைக் கலைக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, டிபி நோயாளியிடம் அப்படி அனுப்பவும் முடியாது. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் அந்த நாட்களில் அவர்களுக்கு வேறு அறை போட்டு ரோஸ்டரை மாற்றி எழுதுவார். சத்தமில்லாமல் செய்த அந்த ஏற்பாட்டுக்கு எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

டிபி என்றதும் ஒரு பெரியவர் ஞாபகம் வருகிறார், உசிலம்பட்டிப் பக்கம். முதல் நாள் நான் மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். "நாங்க தீட்டா தாயி?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துவிட்டது. தனிக் குவளையும் எட்டி நின்று ஊற்றிய தண்ணீரும் பார்த்து வளர்ந்த தலைமுறை அது, அவருக்கு என் கிளவுஸ் வேறு எதையோ ஞாபகப்படுத்தியிருக்கிறது. பிறகு யோசித்தேன், நாடி பார்க்க இவருக்குக் கிளவுஸ் எதற்கு? நுரையீரல் டிபி காற்றில் வருவது, தொட்டால் வருவதில்லை. அவர் சளியைக் கையாளும்போது கிளவுஸ் வேண்டும், கையைப் பிடிக்க வேண்டாம். மறுநாள் என்95-ஐ மட்டும் போட்டுக்கொண்டு, அவர் கண் முன்னாலேயே கையைச் சுத்தம் செய்துவிட்டு வெறும் கையால் நாடி பிடித்தேன். "ஐயா, இருமும்போது காத்துல வர்றது இது. அதான் உங்களுக்கும் ஒரு மாஸ்க், எனக்கும் ஒரு மாஸ்க்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. தேவையில்லாத இடத்தில் போடுகிற கிளவுஸ் வெறும் வீண் செலவு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடம், பெயர் வேண்டாம். எங்களுக்குக் கிளவுஸ் பெட்டி பெட்டியாக வரும். வார்டு கூட்டும் அக்காவுக்கு, கான்ட்ராக்ட் ஆள் என்பதால், நாங்கள் பரிசோதனைக்குப் போடும் மெல்லிய கிளவுஸ்தான், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு ஜோடி. அவர் அதைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயப்போட்டு மறுநாளும் போடுவார். குப்பையை அள்ளுகிறவருக்கு வேண்டியது முழங்கை நோக்கி ஏறுகிற தடித்த ரப்பர் கிளவுஸும் பூட்ஸும். தினமும் அந்த ஜன்னலைக் கடந்து போன நான் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

2016-ன் மருத்துவக் கழிவு விதிகள்படி கிளவுஸ் சிவப்புப் பையில், மாஸ்க் மஞ்சள் பையில், ஊசி குத்தித் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் போக வேண்டும். எங்களில் யாரோ ஒருவர் ஊசியைக் கிளவுஸோடு சேர்த்துச் சுருட்டிச் சிவப்புப் பையில் போட்டிருந்தோம். பையைக் கட்டித் தூக்கும்போது அக்காவின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. யார் போட்டது என்று கடைசி வரை தெரியவில்லை, அந்த ஷிஃப்டில் நானும் ஊசி போட்டிருந்தேன். அக்கா காயத்தைப் பிதுக்கப் போனார், பிதுக்க வேண்டாம் என்று தடுத்து, குழாயில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, கேஷுவாலிட்டிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். எந்த நோயாளியின் ஊசி என்றே தெரியாததால் எச்ஐவி தடுப்பு மாத்திரையை உடனே ஆரம்பித்தார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் சாப்பிட வேண்டும். "ஹெபடைடிஸ் பி ஊசி போட்டிருக்கீங்களா?" என்று டாக்டர் கேட்டார், கல்லீரலைத் தாக்கும் அந்த வைரஸுக்கான தடுப்பூசியைத்தான். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நாங்கள் படிக்கும்போதே மூன்று டோஸ் போட்டவர்கள், அவரிடம் அதைப் பற்றி யாரும் பேசியதே இல்லை. தடுப்பூசி போடாதவருக்கு ஊசிக்குத்தில் எச்ஐவியை விட ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

மாத்திரை சாப்பிட்ட அந்த 28 நாளும் அவர் குமட்டலோடு வேலைக்கு வந்தார், லீவு எடுத்தால் சம்பளம் இல்லை. ஆறு மாதம் வரை ரத்தப் பரிசோதனை, எல்லாம் நல்லபடியாக வந்தது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து போய்க் கேட்டு, அவருக்கும் மற்ற அக்காமார்களுக்கும் தடுப்பூசியும் தடித்த கிளவுஸும் வாங்கினோம். முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டியது.

இப்போது இருக்கும் வார்டில் புதிதாக வருகிறவர்களுக்குக் குங்குமப் பயிற்சி முடிந்ததும், இங்கே கூட்டும் அக்காவோடு ஒரு ரவுண்டு அனுப்புகிறேன். எந்தப் பையில் எது கிடக்கிறது என்று அவர் காட்டுவார். போன வாரம் பாப்பா அவரோடு போனாள். ட்ராலியில் இருந்த வெள்ளைப் பெட்டியை அக்கா வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்து, "முக்கால்வாசி ஆயிருச்சு சிஸ்டர், இதுக்கு மேல அமுக்காம மூடிட்டு வேற வைங்க" என்றார். பாப்பா கையில் இருந்த கிளவுஸைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்துவிட்டு, புதுப் பெட்டி எடுக்கப் போனாள்.