பழைய தட்டைக் கொடு, புதுத் தட்டு வாங்கு

பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலத்து அமெரிக்கா என்றாலே எல்லோரும் வெள்ளிப் பாத்திரக் கலைஞர்களைத்தான் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஓரளவு வசதியான வீடுகளில் தினமும் மேசைக்கு வந்தது பியூட்டர் என்ற கலப்பு உலோகத்தில் செய்த பாத்திரம்தான். அதைச் செய்தவர்களின் பாடு வெள்ளிக்காரர்களுடையதைவிடக் கஷ்டம் என்பேன்.

பியூட்டரில் பெரும்பங்கு வெள்ளீயம். கூடவே கொஞ்சம் செம்பு, ஆண்டிமனி, பிஸ்மத். மலிவுச் சரக்கு என்றால் காரீயமும் சேரும். அந்த வெள்ளீயம் வரவேண்டியது இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து. அங்கேதான் லண்டன் கைவைத்தது. கச்சா வெள்ளீயம் கப்பலேறினால் வரி, செய்து முடித்த பாத்திரமாகப் போனால் வரி இல்லை. தொழில் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் வாங்க மட்டும் செய்யுங்கள் என்கிற கணக்கு.

சரி, இவர்கள் என்ன செய்தார்கள்? பழசை உருக்கினார்கள். பியூட்டர் மென்மையானது, கத்தி பட்டுப் பட்டுத் தட்டு கீறிப்போகும், சூட்டுக்குப் பக்கத்தில் மறந்து வைத்தால் உருகியே போகும். அப்படிக் கெட்டதை எல்லாம் எடைபோட்டு வாங்கி, அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு புதுசைக் கொடுப்பார்கள். 1635 வாக்கிலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் ஊரில் ரிச்சர்ட் கிரேவ்ஸ் இந்தத் தொழிலில் இருந்தார். இருந்தும் அந்த நூற்றாண்டின் அமெரிக்கச் சரக்கு இன்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை, எல்லாம் திரும்பத் திரும்ப உருக்குசட்டிக்குப் போய்விட்டது. ஜேம்ஸ்டவுன் அகழாய்வில் ஒரு கரண்டி கிடைத்தது. வர்ஜீனியாவின் சக்கடக்கில் பியூட்டர் செய்துவந்த ஜோசப் கோப்லாண்டின் பெயரும் 1675 என்ற ஆண்டும் அதில் பொறித்திருக்கின்றன. மண்ணுக்குள் போனதால் தப்பித்தது!

பட்டறையில் பெரிய சொத்து வெண்கல அச்சுகள்தான். விலை அதிகம் என்பதால் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும், இறந்தவரின் பட்டறையிலிருந்து இன்னொருவர் வாங்குவார், அதனால் இங்கிலாந்தில் பழசாகிப்போன வடிவம் இங்கே வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். வார்த்தெடுத்ததைக் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, உதவியாள் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, சீவி மெருகேற்றுவார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கைப்பிடி வைக்கும் விதம். குவளையின் வெளிப்பக்கத்தில் கைப்பிடி அச்சைப் பொருத்தி நேரடியாக உருகிய பியூட்டரை ஊற்றுவார்கள். குவளைச் சுவர் இளகி உள்ளே சரிந்துவிடக் கூடாதே, அதற்காக உட்பக்கம் துணி சுற்றிய மணல்பொதியை அழுத்திப் பிடிப்பார்கள். அந்த ஒரு கணத்தில் துணியின் நெசவு அப்படியே உலோகத்தில் பதிந்துவிடும். அப்படிச் செய்த குவளைக்குள் எட்டிப் பார்த்தால், கைப்பிடிக்கு நேர் பின்னால் அந்த இழைகளை இன்றும் எண்ணலாம். இதற்கு முன்னால் மற்ற அலங்காரம் எல்லாம் எனக்கு அப்புறம்தான்.

சிலர் இங்கே செய்ததிலேயே லண்டன் என்று முத்திரை குத்தினார்கள். வாங்குகிறவர்களுக்கு இங்கிலீஷ் சரக்கு மேல்தான் நம்பிக்கை, என்ன செய்வது! விடுதலைக்குப் பிறகு முத்திரைகளில் அமெரிக்கச் சின்னமான கழுகு பறக்க ஆரம்பித்தது. பிலடெல்பியாவின் வில்லியம் வில் ஜெர்மன் மண்ணில் பிறந்தவர், விடுதலைப் போரில் கர்னல், அப்புறம் ஷெரிஃப். இத்தனைக்கும் நடுவில் அவர் செய்த காபிக் கூஜாக்கள்தான், என் பார்வையில், அமெரிக்கப் பியூட்டரின் உச்சம்.

பீங்கான் மலிவானதும் தட்டு வியாபாரம் படுத்தது. 19ஆம் நூற்றாண்டில் காரீயம் சேராத, கெட்டியான பிரிட்டானியா உலோகம் வந்தது. தகடாக உருட்டி, இயந்திரத்தில் சுழற்றியே வடிவம் கொடுக்கலாம். கனெக்டிகட்டில் தலைமுறைகளாக வார்த்துவந்த டான்ஃபோர்த் குடும்பத்து வழியில் வந்த போர்ட்மேன்களும் ஹார்ட்ஃபோர்டில் அதற்கே மாறிக்கொண்டார்கள்.