பத்தின் வர்க்கமூலங்களும் ஒரு சிறிய மடக்கை அட்டவணையும்

ஜூன் 4

மேல்நிலை வகுப்பில் இயற்பியல் கணக்குகளுக்காக மடக்கை அட்டவணையைப் புரட்டிய எவருக்கும் அதில் தேடும் முறை மறப்பதில்லை: முதல் இரண்டு இலக்கங்களுக்கு இடப்புற நிரல், மூன்றாவதற்கு மேல்வரிசை, நான்காவதற்கு வலப்புறத்தில் உள்ள சராசரி வேறுபாடு. ஆனால் அந்த எண்களை முதலில் யார், எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதற்குப் பாடத்தில் இடமில்லை. எனவே கணிப்பானைத் தொடாமல், நான்கு அடிப்படைச் செயல்களையும் வர்க்கமூலத்தையும் மட்டும் கொண்டு, 1 முதல் 12 வரையுள்ள எண்களின் மடக்கைகளை ஐந்து தசம இடங்களுக்குக் கண்டு இங்கே எழுதி வரப் போகிறேன்.

எந்த அடுக்குக்கு 10-ஐ உயர்த்தினால் ஓர் எண் கிடைக்கிறதோ, அந்த அடுக்கே அந்த எண்ணின் மடக்கை. 100-இன் மடக்கை 2; 1000-இன் மடக்கை 3; இரண்டையும் பெருக்கினால் வரும் 1,00,000-இன் மடக்கை 5. பெருக்கல் கூட்டலாவதும், வகுத்தல் கழித்தலாவதும், வர்க்கமூலம் எடுப்பது பாதியாக்குவதாக மாறுவதும் இந்த ஒன்றிலிருந்தே வருகின்றன. விதிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வைப்பது வீண் வேலை என்பது என் கருத்து.

ஜூன் 5

2-இன் மடக்கையை இலக்கங்களை எண்ணியே நெருங்கலாம். 2¹⁰ என்பது 1024, நான்கு இலக்க எண். ஆகவே அதன் மடக்கை 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும், 2-இன் மடக்கை 0.3-க்கும் 0.4-க்கும் இடையில் இருக்கும். 2¹⁰⁰ எழுத 31 இலக்கங்கள் வேண்டும் என்பதால் இடைவெளி 0.30 முதல் 0.31 வரை சுருங்குகிறது. 2¹⁰⁰⁰ எழுத 302 இலக்கங்கள் வேண்டும் என்பதால் 0.301 முதல் 0.302 வரை. பொருளை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தசம இடத்துக்கும் எண்ணின் நீளம் பத்து மடங்காகிறது; ஐந்தாம் இடத்தை எட்ட முப்பதாயிரம் இலக்கங்களுக்கு மேல் எழுத வேண்டும்.

ஜூன் 8

எடின்பரோவை அடுத்த மெர்கிஸ்டனில் வாழ்ந்த ஜான் நேப்பியர் 1614-இல் வெளியிட்ட அட்டவணை, இன்று நாம் பயன்படுத்துவது அன்று. முக்கோணவியல் கணக்குகளுக்காக அவர் அமைத்த முறையில் 1,00,00,000 என்ற எண்ணுக்கே மடக்கை 0. எண் குறையக் குறைய மடக்கை கூடியது. லண்டனின் கிரெஷாம் கல்லூரியில் வடிவியல் கற்பித்த ஹென்றி பிரிக்ஸ் 1615-இலும் 1616-இலும் அவரைத் தேடி எடின்பரோ சென்றார். 1-இன் மடக்கை 0 ஆகவும், 10-ஐ அடியாகக் கொண்டும் அட்டவணையைப் புதிதாக அமைக்கலாம் என்ற முடிவு அவர்களுடைய உரையாடலில் பிறந்தது. 1617-இல் நேப்பியர் இறந்தார். அதே ஆண்டில் பிரிக்ஸ் முதல் ஆயிரம் எண்களுக்கும், 1624-இல் முப்பதாயிரம் எண்களுக்கும், பதினான்கு தசம இடங்கள் வரை மடக்கை கண்டு வெளியிட்டார்.

அவர் கையாண்ட வழிகளில் ஒன்றை இன்று பின்பற்றினேன். 10-க்குத் தொடர்ந்து வர்க்கமூலம் எடுத்தால் 3.1623, 1.7783, 1.3335, 1.1548, 1.0746, 1.0366, 1.0182, 1.0090, 1.0045, 1.00225 என்று எண்கள் 1-ஐ நோக்கி இறங்குகின்றன. அவற்றின் மடக்கைகள் முறையே 1/2, 1/4, 1/8 என்று பாதிபாதியாகக் குறைந்து, பத்தாவது எண்ணில் 1/1024 ஆகின்றன. கடைசி நான்கு எண்களில் 1-க்கு மேல் எஞ்சும் பகுதியும் ஏறத்தாழப் பாதிபாதியாகவே குறைகிறது. அதாவது 1-க்கு மிக அருகில் மடக்கை அந்த எஞ்சிய பகுதிக்கு நேர்விகிதத்தில் அமைந்துவிடுகிறது. 1/1024-ஐ 0.00225-ஆல் வகுத்தால் விகிதம் ஏறத்தாழ 0.434 வருகிறது, இன்னும் இறங்கினால் அது 0.4343-இல் நிலைக்கிறது. பிரிக்ஸ் இதை ஐம்பத்து நான்கு முறை, முப்பதுக்கும் மேற்பட்ட தசம இடங்களை வைத்துக்கொண்டு, கையாலேயே செய்தார்.

ஜூன் 9

அந்த விகிதம் கையில் இருந்தால் மற்றவை எளிது. 1024 என்பது 1000-ஐ 1.024-ஆல் பெருக்கியது. 0.024-ஐ 0.4343-ஆல் பெருக்கினால் 0.01042; அதனுடன் 3-ஐக் கூட்டிப் பத்தால் வகுக்க 2-இன் மடக்கை 0.30104 வருகிறது. 0.024 போதிய அளவு சிறியதன்று என்பதால் அதன் வர்க்கத்தில் பாதியை முதலில் கழித்துக்கொண்டால் சரியான 0.30103 கிடைத்துவிடும். 5-இன் மடக்கை, 1-இலிருந்து இதைக் கழித்த 0.69897.

3-க்கு 81-ஐயும் 80-ஐயும் ஒப்பிட வேண்டும்: 80-இன் மடக்கை 1.90309, 1.0125-இன் மடக்கை 0.00540, இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் 0.47712. 7-தான் எனக்குப் பிடித்தது. 7⁴ என்பது 2401. அதற்குப் பக்கத்திலேயே 2, 3, 10 ஆகியவற்றால் மட்டும் ஆன 2400 நிற்கிறது. திருத்தம் 0.00018 மட்டுமே, விடை 0.84510. 11-க்கு 121-ஐ 120-உடன் ஒப்பிட 1.04139 வந்தது. 4, 6, 8, 9, 12 வெறும் கூட்டல்கள்.

ஜூன் 13

ஒன்றுக்குக் குறைந்த எண்களில்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். 0.02-இன் மடக்கை −1.69897. ஆனால் அட்டவணை வழியே கணக்கிடுபவர்கள் அதை −2 + 0.30103 என்று பிரித்து, 2-இன் மேல் கோடிட்டு ‘பார் 2’ என்று சொல்வார்கள். 2, 20, 0.02 ஆகிய எல்லாவற்றுக்கும் தசமப் பகுதி ஒன்றே என்பதால் ஒரே அட்டவணை போதும். அந்தக் கோட்டின் பயன் அதுதான். 0.02-இன் கனமூலம் வேண்டுமானால் 3-ஆல் வகுக்க வேண்டும். −2 மீதியின்றி வகுபடாது என்பதால் −3 + 1.30103 என்று மாற்றிக்கொண்டு வகுத்தால் −1 + 0.43368 வரும்; எதிர்மடக்கை பார்க்க, அதாவது மடக்கையிலிருந்து எண்ணுக்குத் திரும்ப, விடை 0.2714.

ஜூன் 16

நிலநடுக்க அளவு மடக்கை முறையில் அமைந்தது. அளவு 1 கூடினால் வெளிப்படும் ஆற்றலின் மடக்கை 1.5 கூடும்; அதாவது ஆற்றல் பத்தையும் பத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய 31.6 மடங்காகும். 2001-இல் குஜராத்தின் பூஜ் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தின் அளவு 7.7, 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை ஒட்டி நிகழ்ந்து நம் கடற்கரைக்குச் சுனாமியைக் கொண்டுவந்ததன் அளவு 9.1. வேறுபாடு 1.4-தான், செய்தித்தாளில் படிக்கையில் சிறிதாகவே தெரியும். அதை 1.5-ஆல் பெருக்கினால் ஆற்றல்களின் விகிதத்துக்கான மடக்கை 2.1. என் அட்டவணையில் 2, 7 ஆகியவற்றின் மடக்கைகளையும் 9-இன் மடக்கையான 0.95424-ஐயும் கூட்டினால் 2.10037 ஆகிறது. ஆகவே விகிதம் 2 × 7 × 9, ஏறத்தாழ 126 மடங்கு.