ரீஜென்சி காதல் நாவல்களை எப்படி ருசிப்பது

ரீஜென்சி காதல் நாவல் கல்யாணத்தில்தான் முடியும் என்று அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெரிந்தும் முந்நூறு பக்கம் விடாமல் படிக்க வைப்பது பேச்சு. நாயகனும் நாயகியும் ஒருவரையொருவர் மடக்கும் பேச்சு, அத்தைமார்களின் அங்கலாய்ப்பு, வேலைக்காரரின் ஒற்றை வரி. ஆனால் முதல்முறை வாசிப்பவர்களில் பலர் பாதி இடங்களில் சிரிக்காமலே கடந்துபோகிறார்கள். அந்த நாவல்களின் நகைச்சுவை முழுவதும் அந்தக் காலத்துச் சட்டதிட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அதே புத்தகம் இரண்டு மடங்கு சுவைக்கும்.

காலத்திலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் மனநலம் குன்றியதால் அவர் மகன் 1811 பிப்ரவரி 5 அன்று ரீஜென்ட், அதாவது அரசப் பிரதிநிதி ஆனார். 1820 ஜனவரியில் அரசர் இறந்தபோது அந்தக் காலம் முடிந்தது. ஒன்பதே வருடம். அதற்குள் நெப்போலியன் போர், வாட்டர்லூ, ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்கள். ஆஸ்டின் தன் சமகாலத்தை எழுதினார். அதையே சரித்திரமாக்கி, சிரிக்கச் சிரிக்க ஒரு தனி நாவல் வகையாக நிலைநிறுத்தியவர் ஜார்ஜெட் ஹேயர் (1902–1974). முதல் நாவல் 1921இல் வந்தது. ரீஜென்சிக் காலத்தில் நடக்கும் முதல் காதல் நாவல் ‘ரீஜென்சி பக்’ 1935இல். வண்டி வகை, துணிமணி, கொச்சைப்பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பேடு வைத்து எழுதியவர். இன்று இந்த வகையில் எழுதுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

முதலில் கல்யாணச் சட்டம். கதை முடிச்சுகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது. 1753இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த சட்டப்படி இங்கிலாந்தில் தேவாலயத்தில் கல்யாணம் செய்ய மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, மூன்று ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிப்பது. நம் ஊர்த் தேவாலயங்களில் இன்றும் வாசிக்கிறார்களே, அதே வழக்கம்தான். இரண்டு, பிஷப் தரும் சாதாரண லைசன்ஸ். ஓலை வேண்டாம், ஆனால் 21 வயது நிரம்பாதவருக்குத் தகப்பனார் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். கல்யாணம் குறிப்பிட்ட தேவாலயத்தில், காலை 8 மணியிலிருந்து பகல் 12 மணிக்குள் நடக்க வேண்டும். மூன்றாவது, காண்டர்பரி பேராயர் மட்டுமே தரும் சிறப்பு லைசன்ஸ். அது இருந்தால் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கல்யாணம் செய்யலாம். பிரபுக்கள், அவர்கள் பிள்ளைகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் போன்றவர்களுக்குத்தான் அது எளிதில் கிடைத்தது.

இங்கேதான் எழுத்தாளர் வீட்டுப்பாடம் செய்தாரா என்று பிடித்துவிடலாம். நாயகன் சட்டைப்பையில் பெயர் எழுதாத சிறப்பு லைசன்ஸோடு திரிந்தால் தவறு; லைசன்ஸில் மாப்பிள்ளை, பெண் இருவர் பெயரும் இருக்கும். சுமார் 200 மைல் தள்ளி யார்க்கில் இருப்பவர் மத்தியானம் கிளம்பி சாயங்காலம் லைசன்ஸோடு திரும்பினாலும் தவறு, ஏனென்றால் அதை வாங்கும் அலுவலகம் லண்டனில் இருந்தது. சரியாக எழுதியவர் இதையே முடிச்சாக்குவார்: மாப்பிள்ளை வந்தாயிற்று, பாதிரியார் வந்தாயிற்று, மணி பதினொன்றரை, லைசன்ஸ் எங்கே?

ஓடிப்போகிறவர்கள் ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கு ஏன் போகிறார்கள் என்பதற்கும் இதே சட்டம்தான் காரணம். அது ஸ்காட்லாந்தில் செல்லவில்லை. அங்கே சாட்சிகள் முன்னால் “நாங்கள் கணவன் மனைவி” என்று சொன்னாலே அன்று போதுமாக இருந்தது. பெற்றோர் சம்மதம் தேவைப்படவில்லை. ஆனால் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனிலிருந்து சுமார் 320 மைல். மணிக்கு 8 மைல் என்று வைத்தால் நிற்காமல் ஓடினாலும் 40 மணி நேரம். பத்துப் பதினைந்து மைலுக்கு ஒருமுறை சத்திரத்தில் குதிரை மாற்ற வேண்டும். இரண்டு குதிரை பூட்டிய வாடகை வண்டிக்கு மைலுக்கு ஒரு ஷில்லிங் (20 ஷில்லிங் ஒரு பவுண்ட்) என்று குறைவாகப் பிடித்தாலும் போக மட்டும் 16 பவுண்ட் ஆகும்; சுங்கமும் வண்டியோட்டிகளின் இனாமும் தனி. ஒரு வீட்டு ஆசிரியையின் வருடச் சம்பளமே 20, 30 பவுண்ட் இருந்த காலம் அது. ஆகவே ஓடிப்போகும் ஜோடி வழியில் பணம் தீர்ந்து, பசித்து, மழையில் நனைந்து, சத்திரத்தில் சண்டை போட்டுக்கொள்ளும் காட்சி நகைச்சுவைக்கு நகைச்சுவை, கணக்குக்குக் கணக்கு. ராத்திரி கிளம்பி விடிவதற்குள் கிரெட்னாவில் இறங்கும் நாவலை நம்ப வேண்டாம்.

அடுத்தது நிச்சயம். அந்தக் காலத்தில் கனவான் ஒருவன் பெண் கேட்டு, அவள் சரி என்றுவிட்டால் அவன் பின்வாங்க முடியாது. வாங்கினால் மானம் போகும். வாக்குத் தவறியதற்காக வழக்கும் வரலாம். பெண் நினைத்தால் முறித்துக்கொள்ளலாம். இந்த ஒருபக்கச் சலுகையில் பிறந்ததுதான் பொய் நிச்சயக் கதை. ஹேயரின் ‘கொட்டில்லியன்’ (1953) இதற்கு அருமையான உதாரணம். கஞ்சக் காப்பாளரிடமிருந்து தப்பி ஒரு மாதமாவது லண்டனைப் பார்க்க வேண்டும் என்பதற்காக கிட்டி, ஃபிரெடியைப் பொய்யாக நிச்சயம் செய்துகொள்ளச் சொல்கிறாள். ஃபிரெடி வீரனும் இல்லை, பேரழகனும் இல்லை, படிப்பும் பெரிதாக ஏறவில்லை. எந்த நேரத்தில் எந்தக் கோட்டு, யாரை எங்கே அழைத்துப்போகலாம், எதைச் செய்தால் பேச்சு வரும் என்பது மட்டும் அவனுக்கு அத்துபடி. அந்த அறிவே ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ப்பதைப் பார்க்கும்போது, நடைமுறை தெரிந்தவன்தான் நாயகன் என்ற அதிசயம் மெல்ல மெல்லப் புலப்படும். இந்த வகை நாவல்களில் என் வாக்கு எப்போதும் ஃபிரெடிக்கே.

கல்யாணச் சந்தை எங்கே என்றால் நடன அரங்கம். லண்டன் கிங் தெருவில் 1765இல் திறந்த ஆல்மாக்ஸ்தான் உச்சம். ஜெர்சி சீமாட்டி, லீவன் கோமாட்டி போன்ற சில பெண்கள் கையில் அனுமதி இருந்தது. பணம் மட்டும் இருந்தால் நுழைய முடியாது. சாராயம் கிடையாது, எலுமிச்சை பானம், தேநீர், மெல்லிய ரொட்டி வெண்ணெய், அவ்வளவுதான். வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் டியூக்கையே வாசலில் திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். ஒரே ஆணோடு ஒரு மாலையில் இரண்டு முறைக்கு மேல் ஆடினால் ஊர் முடிச்சுப் போட்டுவிடும். இந்த ஒரு விதியை வைத்து எப்படி எழுதலாம் என்பதற்கு நானே ஒரு மாதிரி எழுதிப் பார்க்கிறேன்:

“மூன்றாவது முறை ஆடினால் நமக்கு நிச்சயமாகிவிட்டது என்பார்கள்.”

“தெரியும். அதனால்தான் உங்கள் அத்தைக்கு எலுமிச்சை பானம் எடுத்துவரப் போகிறேன்.”

“அத்தைக்கு உங்களைக் கண்டாலே ஆகாது.”

“அவருக்கு ஆகிற வரைக்கும் கொண்டுவருவேன். மூன்றாவது ஆட்டத்துக்கு அவசரம் இல்லை.”

காதல் என்ற சொல் இதில் எங்கேயும் இல்லை. அவன் பெண் கேட்டுவிட்டான், அவளுக்கும் அது புரிந்துவிட்டது. விதி தெரியாத வாசகருக்கு இது வெறும் எலுமிச்சை பானம். நல்ல எழுத்தாளர்கள் பேச்சை இப்படித்தான் நெய்கிறார்கள்: கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் சொல்லாமல், பக்கத்தில் இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்வது.

பெயர்களையும் கவனியுங்கள். ‘சர்’ எப்போதும் முதல் பெயரோடுதான் சேரும். குடும்பப் பெயரோடு மட்டும் சேர்த்தால் பிழை. டியூக், மார்க்வெஸ், ஏர்ல் என்ற மேல்வரிசைப் பிரபுக்களின் மகள்களுக்கு ‘லேடி’ முதல் பெயரோடு வரும். வெறும் சர் ஒருவரின் மனைவி என்றால் குடும்பப் பெயரோடு வரும். ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் வரும் லேடி கேத்தரின் டி பர்க் கணவர் வழியில் மட்டும் சீமாட்டி ஆகியிருந்தால் வெறும் லேடி டி பர்க்தான். ‘கேத்தரின்’ என்று வருவதிலேயே அவர் ஏர்லின் மகள் என்பது தெரிந்துவிடுகிறது; அந்த அதட்டல் எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கிவிடும். டியூக்குகள் அன்று மொத்தமே சுமார் 30 பேர்தான், அதிலும் பலர் கிழவர்கள். நாவல்களில் வரும் இளம் டியூக்குகளை எண்ணி மாளாது. அது வாசகருக்குத் தரும் இனிப்பு, விட்டுவிடலாம். பட்டத்தை உயில் எழுதி வேறு பிள்ளைக்கு மாற்றும் டியூக்கை மட்டும் விடக்கூடாது. பட்டம் உயிலில் போகாது.

பணத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். நாயகிக்குச் சீதனம் 10,000 பவுண்ட் என்றால் அரசுப் பத்திரத்தில் 5 சதவீதத்துக்குப் போட்டு வருடத்துக்கு 500 பவுண்ட் வரும். கல்யாணமானதும் பெண்ணின் சொத்து சட்டப்படி கணவன் கைக்குப் போய்விடும் என்பதால்தான் வக்கீல்கள் முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதினார்கள்: அவளுக்குக் கைச்செலவு எவ்வளவு, விதவையானால் ஜீவனாம்சம் எவ்வளவு என்று. சொத்துள்ள நாயகி கல்யாணத்துக்கு ஏன் தயங்குகிறாள் என்பதை இது தெரிந்தவர் வேறு கண்ணோடு வாசிப்பார்.

திடீரென்று இந்தியாவிலிருந்து பணத்தோடு இறங்கும் மாமாவுக்கும் இதில் நியாயமான இடம் உண்டு. சென்னைக் கோட்டையிலும் கல்கத்தாவிலும் கம்பெனி வேலை பார்த்துப் பணம் சேர்த்தவர்கள் உண்மையிலேயே திரும்பினார்கள். நன்னம்பிக்கை முனை சுற்றி வரக் கப்பலுக்கு ஐந்தாறு மாதம். கடிதம் போய்ப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருடம். செத்துப்போனதாக நினைத்தவர் வாசலில் நிற்பது அந்த இடைவெளியில் நடக்கக்கூடியதுதான்.

சுமாரான நாவல்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே. நாயகி எல்லா விதியையும் மீறுகிறாள், ஒரு விலையும் கொடுப்பதில்லை. விதி கடிக்காவிட்டால் மீறலில் துணிச்சலும் இல்லை, சிரிப்பும் இல்லை. இன்னொன்று, வசையைச் சாதுரியம் என்று நினைத்துக்கொள்வது. இருவரும் பத்துப் பக்கம் திட்டிக்கொள்வார்கள், ஒரு வரியாவது மற்றவரை யோசிக்க வைக்காது.

தொடங்குகிறவர்களுக்கு என் வரிசை: முதலில் ‘கொட்டில்லியன்’. பிறகு ‘ஃபிரெடெரிகா’ (1965), அதில் தம்பிமார்களின் அட்டகாசமே பாதி. போர்ப் பின்னணி பிடித்தால் ‘அன் இன்ஃபேமஸ் ஆர்மி’ (1937). வாட்டர்லூ சண்டை விவரமாக இருக்கும், ஆனால் நடை கனம், முதலில் எடுக்க வேண்டாம். ‘தி கிராண்ட் சோஃபி’ (1950) எல்லாரும் பரிந்துரைப்பது. குரங்கும் கிளியும் நாயுமாக வந்திறங்கும் நாயகியும், எல்லாரும் ஒரே வீட்டில் வந்து முட்டிக்கொள்ளும் கடைசிக் குழப்பமும் அபாரம். ஆனால் நடுவில் வட்டிக்காரர் வரும் அத்தியாயம் யூதர்களைப் பற்றிய அசிங்கமான வெறுப்போடு எழுதப்பட்டிருக்கிறது. பரிசாகக் கொடுப்பதானால் அதைச் சொல்லிவிட்டே கொடுங்கள்.