கட்டைப்பேனாவோடு ஓராண்டு

கடந்த ஆவணியில் மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தியபோது, என்னிடம் பதினேழு வகைப் பேனா முட்களும் அவற்றைச் செருகி எழுத இரண்டே இரண்டு கட்டைகளும் இருப்பதைக் கண்டேன். பதினேழில் பன்னிரண்டு வகையை ஒரு முறைகூட மையில் தோய்த்ததில்லை. வாங்குவது ஒரு பழக்கமாகவும் எழுதுவது வேறொரு பழக்கமாகவும் தனித்தனியே வளர்ந்துவிட்டன என்பது அன்றுதான் உறைத்தது. அக்கா மகளின் திருமணம் தை மாதத்தில் என்று முடிவாகியிருந்தது. அழைப்பிதழ் உறைகள் முந்நூற்றிலும் பெயர்களைக் கையால் எழுதித் தருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே இருக்கும் முட்களை எல்லாம் எழுதிப் பார்த்து, எது எதற்கு உதவும் என்று ஒரு நோட்டில் குறித்து வரலானேன். அந்த நோட்டைச் சற்றே சீர்செய்து இங்கே எழுதுகிறேன்.

முட்களில் இரண்டு சாதி உண்டு. கூர்முள் என்பது ஊசிபோல் முடிவது. அழுத்தினால் நடுப்பிளவு விரிந்து கோடு தடிக்கும், அழுத்தத்தை விட்டால் மீண்டும் மயிரிழையாகும். பட்டை முள்ளின் நுனி உளிபோல் நேராக வெட்டப்பட்டிருக்கும். அதில் அழுத்தத்துக்கு வேலை இல்லை, கை எந்தத் திசையில் போகிறதோ அதற்கேற்பக் கோடு தடித்தும் மெலிந்தும் வரும். என் சேகரிப்பில் பதினொன்று கூர்முட்கள், ஆறு பட்டை முட்கள்.

முதல் வாரம் முழுவதும் எழுத்தே வரவில்லை. மையில் தோய்த்து எடுத்தால், சேம்பிலையில் தண்ணீர் உருள்வதுபோல் மை முத்து முத்தாகத் திரண்டு நின்றது. தாளில் வைத்ததும் மொத்தமாக ஒரு சொட்டாக விழுந்தது. புது முட்கள் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக அவற்றின்மேல் எண்ணெயோ மெருகோ பூசியிருப்பார்கள் என்றும், அதை நீக்காமல் எழுதக் கூடாது என்றும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீக்குவதற்குச் சுடரில் காட்டும் முறையும் உண்டு என்று படித்து, லியோனார்ட் பிரின்சிபல் என்னும் கூர்முள் ஒன்றை இடுக்கியில் பிடித்துச் சமையலறை அடுப்பில் காட்டினேன். இரண்டு நொடி போதும் என்றிருந்ததை நான் ஐந்தாக்கிவிட்டேன். நுனி முதலில் வைக்கோல் நிறமாகி, பிறகு ஊதாவாகி, கடைசியில் மயிற்கழுத்து நீலத்துக்குப் போய், அதையும் தாண்டிச் சாம்பல் பூத்தது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் எஃகுக்குக் கொடுத்திருந்த பதம் போய்விட்டதால், முதல் அழுத்தலில் விரிந்த பிளவு திரும்ப மூடவே இல்லை. அதற்குப் பிறகு பற்பசையும் பழைய பல்துலக்கியும்தான் என் முறை. உருளைக்கிழங்கில் குத்தி வைப்பவர்களும் உண்டு. அதுவும் பலிக்கிறது, ஆனால் குத்தியதை மறந்துவிட்டுச் சாப்பிடப் போனால் துருதான் மிச்சம்.

கூர்முட்களில் முதலில் கை பழகியது நிக்கோ ஜி. ஜப்பானில் சித்திரக்கதை வரைபவர்கள் பயன்படுத்தும் ஜி வகை முள் இது. சற்று விறைப்பானது, தொடக்கக்காரரின் முரட்டுக் கையையும் தாங்கும், பல வாரம் உழைக்கும். ஒரு முள் எனக்கு ஒரு நெய் ரோஸ்ட் விலைக்குக் கிடைத்தது. இரண்டில் எது அதிக நேரம் நீடிக்கிறது என்று யோசித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கில்லட் 303 அதற்கு நேர்மாறு. மூச்சு விட்டாலே வளையும் போல அவ்வளவு மென்மை, கோடும் அவ்வளவு நுட்பம். ஆனால் மேல்நோக்கி இழுக்கும்போது இம்மியளவு அழுத்தம் கூடினாலும் தாளின் நாரைக் குத்தி எடுத்து, விடுபட்ட வேகத்தில் மையைச் சிறு சிறு புள்ளிகளாகத் தெறிக்கும். ஹண்ட் 101 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மற்றவற்றைப் பற்றி நோட்டில் ஒரு வரிக்கு மேல் இல்லை, இங்கும் வேண்டாம்.

முள்ளைவிடக் கட்டைதான் என்னை அதிகம் படுத்தியது. காப்பர்பிளேட் என்னும் ஆங்கிலச் சாய்வெழுத்து, கோட்டுக்கு 55 பாகை சாய்ந்து நிற்பது. வலக்கைக்காரர் நேர்க்கட்டையைப் பிடித்தால் முள் இடப்பக்கம் பார்த்து நிற்கும். சாய்வுக் கோட்டை இழுக்கையில் பிளவின் ஒரு பக்கம் மட்டும் பளுவைத் தாங்க, கோட்டின் ஒரு விளிம்பு வழவழப்பாகவும் மறு விளிம்பு அரம்போலவும் வரும். பிளவும் கோடும் ஒரே திசையில் இருந்தால்தான் இரு பக்கமும் சமமாக விரியும். அதற்காகத்தான் முள்ளைப் பக்கவாட்டில் ஒரு பித்தளைத் தகட்டில் பிடித்துவைக்கும் சாய்வுக்கட்டை. இடக்கைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, நேர்க்கட்டையே போதும்; வாழ்க்கையில் அவர்களுக்குக் கிடைக்கும் அரிய சலுகைகளில் ஒன்று.

நான் வாங்கியிருந்த சாய்வுக்கட்டை பிளாஸ்டிக்கில் வார்த்தது, தயாரித்தவர் பெயர் இங்கே தேவையில்லை. அதன் பிடிப்பு ஒரே அளவில் இருந்ததால் ஜி முள் இறுகி நுழைந்தது, 303 லொடலொடத்தது. நானே ஒன்று செய்துகொள்வதென்று, அம்பாசமுத்திரம் பக்கம் சொப்புச் சாமான் கடையும் ஒருவரிடம் படத்தோடு போனேன். அவர் படத்தை நேராகவும் தலைகீழாகவும் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது பூரிக்கட்டையா பம்பரமா, அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார். பேனா என்றதும், பேனாவுக்கு எதற்குக் கடைசல் என்று சிரித்தாரே தவிர, அரை மணி நேரத்தில் பதினேழு சென்டிமீட்டர் நீளத்தில், விரல் படும் இடத்தில் மட்டும் இடுப்பு சிறுத்த மூன்று கட்டைகளைக் கடைந்து, அரக்கும் ஏற்றிக் கொடுத்துவிட்டார். நுனியில் மெல்லிய ரம்பத்தால் ஒரு வெட்டுப் போட்டு, 0.3 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை வெட்டி வளைத்து நான் செருகினேன்.

முதல் தகடு தோல்வி. முள் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் எழுத எழுதக் கட்டை விரல்களுக்குள் தானே உருண்டது. பிடி வழுக்குகிறது என்று நினைத்து நூல் சுற்றிப் பார்த்தேன், பயனில்லை. கட்டையை ஒரு தாளின்மேல் வைத்து அதன் நடுக்கோட்டைப் பென்சிலால் நீட்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: முள்ளின் நுனி அந்தக் கோட்டிலிருந்து அரை சென்டிமீட்டர் விலகியிருந்தது. விலகிய நுனியை அழுத்தினால், சாவி பூட்டில் திரும்புவதுபோல் கட்டை திரும்பத்தானே செய்யும்? தகடு எவ்வளவு பக்கம் தள்ளியிருந்தாலும் முள்ளின் நுனி மட்டும் கட்டையின் நடுக்கோட்டில் வந்து நிற்க வேண்டும். இரண்டாவது தகட்டை அப்படி வளைத்ததும் கை அமைதியாகிவிட்டது.

அடுத்தது மை. ஊற்றுப்பேனா மை நீர்த்தது, முள்ளில் நிற்காது. கருவேலம்பிசினை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, ஒரு மூடி மைக்கு நான்கு சொட்டுக் கலந்தபோது நின்றது. ஆறு சொட்டில் பிளவை அடைத்துக்கொண்டது. பிறகு பழைய கடுக்காய் மையைச் செய்து பார்த்தேன். நாட்டுமருந்துக் கடையில் கடுக்காயும் அன்னபேதியும் கிடைக்கின்றன. இருபது கிராம் கடுக்காய்த் தோலை இடித்துக் கால் லிட்டர் தண்ணீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடித்து, ஆறியபின் ஏழு கிராம் அன்னபேதியைக் கரைத்தால், தேநீர் நிறத்தில் இருந்த சாறு கண்ணெதிரே கறுத்துவிடுகிறது. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக மாசிக்காயை வைத்துச் செய்த மையும் இதே வேதியியல்தான்: காயின் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்து, எழுதும்போது சற்று வெளிறியிருந்து, காற்றுப் பட்டபின் முழுதாகக் கறுக்கும். 303 முள்ளில் இந்த மை தந்த மயிரிழைக் கோட்டை வேறெந்த மையும் தரவில்லை. ஆனால் இது புளிப்பு மை, எஃகைத் தின்னும். நான் இருப்பது தூத்துக்குடி. உப்புக்காற்று பாதி வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. ஒரு நாள் இரவு துடைக்காமல் வைத்த முள்ளின் தோள்பட்டையில் காலையில் செம்மண் நிறத் திட்டு. நான்காம் நாள் பிளவின் ஓரம் அரித்துப் போயிருந்தது. குரோமியப் பூச்சுள்ள ஸீப்ரா ஜி மட்டும் மூன்று வாரம் தாக்குப்பிடித்தது. இப்போது நான்கைந்து வரிக்கு ஒருமுறை பருத்தித் துணியால் துடைக்கிறேன். முட்கள் எல்லாம் ஈரம் உறிஞ்சும் குருணைப் பொட்டலத்தோடு மாத்திரை டப்பாக்களில் இருக்கின்றன.

தாளைப் பற்றி ஐப்பசி மழைதான் பாடம் நடத்தியது. புரட்டாசியில் கூர்மையாக எழுதிய அதே கட்டுத் தாள், அடைமழை வாரத்தில் ஈரம் குடித்து மையைக் கசியவிட்டது. அக்கா வந்து பார்த்துவிட்டு, “ஏலே, எம்பேரு மட்டும் ஏன் கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு?” என்றாள். கணக்குப் பதிவேடு தைக்கும் கடையில் வாங்கிய கனத்த லெட்ஜர் தாள் ஒன்றுதான் மழையிலும் மானத்தைக் காத்தது.

கார்த்திகையில் தமிழுக்கு வந்தேன். இத்தனை பாடுபட்டுச் செய்த சாய்வுக்கட்டை தமிழுக்குத் தேவையே இல்லை என்பது அப்போது தெரிந்தது. நம் எழுத்து நிமிர்ந்து நிற்பது. நேர்க்கட்டையில் பட்டை முள்ளைச் செருகி, நுனியை ஏறத்தாழ 30 பாகையில் பிடித்தால் ட, ப, ம ஆகியவற்றின் செங்குத்துக் கால்கள் தடித்தும் அடிக்கோடு மெலிந்தும் வருகின்றன. புள்ளி தானாகவே சாய்சதுரமாக விழுகிறது. வில்லியம் மிட்சல் முட்களைத்தான் இதற்குப் பயன்படுத்தினேன். அவற்றில் எண் ஏற ஏற அகலம் குறையும் என்பதை அறியாமல் முதலில் பெரிய எண்ணாகப் பார்த்து வாங்கியது தனிக்கதை. பட்டை முள்ளை மேல்நோக்கித் தள்ள முடியாது, தாளில் குத்தி நிற்கும். ஆகவே பகரத்தை நாம் பள்ளியில் எழுதியதுபோல் ஒரே வீச்சில் எழுதலாகாது: இடக்காலை இறக்கி, அடிக்கோட்டை இழுத்து, கையை எடுத்து, வலக்காலை மேலிருந்து மறுபடி இறக்க வேண்டும். நாற்பது ஆண்டுப் பழக்கத்தைக் கை விட மறுத்தது. ஒரு பக்கம் முழுக்கப் பகரம் எழுதிய பிறகுதான் இணங்கியது.

உயரம் எவ்வளவு வைப்பது என்பது அடுத்த சிக்கல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பட்டைப் பேனா எழுத்தை மீட்டெடுத்த எட்வர்ட் ஜான்ஸ்டன் மரபில், அடிப்படை எழுத்தின் உயரம் முள் அகலத்தைப்போல் நான்கு மடங்கு. அதையே தமிழுக்கு வைத்தேன். ‘கரம்’, ‘படம்’ போன்ற சொற்கள் பரவாயில்லை. மூன்று சுழி ணகரம் வந்ததும் சுழிகள் மூன்றும் மையால் நிரம்பி, கருத்த திராட்சைக் கொத்தாகிவிட்டது. ஐந்து மடங்கில் இரண்டு சுழி திறந்தது. ஆறு மடங்கில்தான் மூன்றும் மூச்சு விட்டன. கண்ணன், கிருஷ்ணன், அருணாசலம், மணி என்று எங்கள் உறவில் ணகரத்துக்குப் பஞ்சமில்லாததால், உறைகள் அனைத்தையும் ஆறு மடங்கிலேயே எழுதுவதென்று முடிவு செய்தேன்.

இடையில் பர்மிங்காமில் வேலை பார்க்கும் சித்தி மகன் விடுமுறைக்கு வந்தான். வரும்போது பழைய கில்லட் முட்கள் ஒரு குரோஸ், அதாவது 144 அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் எஃகு முட்களில் பெரும்பங்கு அந்த ஓர் ஊரில்தான் செய்யப்பட்டது. தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, பதமேற்றி, தேய்த்து, கடைசியில் பிளக்கும் வேலைகளில் அச்சுகளின் முன் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதலாளிகள் பெரும் செல்வராயினர்: ஜோசப் கில்லட் ஓவியர் டர்னரின் படங்களை வாங்கிக் குவித்தார், ஜோசையா மேசன் நிறுவிய அறிவியல் கல்லூரிதான் பின்னாளில் பர்மிங்காம் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பிரெடரிக் தெருவில் பழைய முள் தொழிற்சாலை ஒன்றிலேயே இப்போது பேனா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வருபவர்கள் பழைய கை அச்சில் தாமே ஒரு முள் செய்து பார்க்கலாம். தம்பி தான் செய்த முள்ளையும் ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தான்.

அந்தப் பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று பத்து நாள் தடுமாறினேன். கூர்முள் எழுத எழுதத் தேய்வது. எழுதினால் ஒன்று குறையும், எழுதாவிட்டால் தூத்துக்குடிக் காற்று அதையும் விடாது. திறந்து பன்னிரண்டை எடுத்தேன். புதியவற்றைவிட மென்மையாக விரிந்து, பட்டென்று மூடுகின்றன. அவற்றில் மூன்று இதுவரை தேய்ந்துவிட்டன, வருத்தமில்லை.

உறைகள் மார்கழியில் வந்தன, மேலே முத்துப்பூச்சு மினுக்கத்தோடு. மை அதில் ஒட்டவில்லை. மென்மையான அழிப்பானால் ஒருமுறை தடவிவிட்டு, பிசின் சற்றுக் கூடுதலாகச் சேர்த்த மையில் எழுதியபோது பிடித்தது. முதல் நாள் முப்பது உறை முடித்து வைத்திருந்தேன். அத்தான் நல்ல நேரம் பார்த்து நான்கு மூலையிலும் ஈர மஞ்சளைத் தடவ, அருகில் இருந்த பெயர்கள் கரைந்து மஞ்சளோடு ஓடின. மறுநாளிலிருந்து மஞ்சள் முதலில், அது காய்ந்தபின் எழுத்து. நாளொன்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் எழுதினால் ணகரம் தளர்வதைக் கண்டு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பர்மிங்காம் உறை ஒன்றை மட்டும் தம்பி செய்த முள்ளால் எழுதிப் பார்த்தேன். பிளவு நடுவிலிருந்து வலப்பக்கம் நகர்ந்திருந்ததால் ஒரு பாதி தடித்தும் மறு பாதி மெலிந்தும் இருந்தது. அவன் பெயரின் இரண்டாவது எழுத்திலேயே மை தெறித்து, முகவரி இருக்க வேண்டிய இடமெல்லாம் புள்ளி. அவனுக்கு வேறு உறை எழுதி அனுப்பிவிட்டு, கெட்டதை நோட்டில் ஒட்டி, தேதியும் முள்ளின் பெயரும் குறித்து வைத்திருக்கிறேன்.